பாக்தாதின் அபூ ஹனீஃபா பள்ளிவாசல்: அந்தப் பெயர் சொல்வது என்ன?

பாக்தாத் பற்றிய செய்திகளில் ஒரு பள்ளிவாசலின் பெயர் திரும்பத் திரும்ப வரும். டைக்ரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில், அஃழமிய்யா என்ற பேட்டையில் இருக்கும் அபூ ஹனீஃபா பள்ளிவாசல். செய்தியில் அந்தப் பேட்டை பெரும்பாலும் அதமியா என்று வரும். பக்கத்திலேயே "சுன்னிகளின் கோட்டை" என்று ஒரு அடைமொழியும் ஒட்டிக்கொண்டு வரும். சுன்னி, ஷியா என்பவை இஸ்லாத்தின் இரு பெரும் பிரிவுகள். வாசிக்கிறவருக்குச் சில குழப்பங்கள் வருவது இயல்பு. பள்ளிவாசல் இறைவனுக்கு உரியது என்றால் அதற்கு ஒரு மனிதரின் பெயர் எதற்கு? இது தர்காவா, பள்ளியா? 8ஆம் நூற்றாண்டில் இறந்த அபூ ஹனீஃபா என்ற ஒரு சட்ட அறிஞருக்காக 16ஆம் நூற்றாண்டிலும் 21ஆம் நூற்றாண்டிலும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பள்ளிவாசலுக்கு ஏன் மனிதப் பெயர்?

பெயர் ஓர் அடையாளம், அவ்வளவுதான். பள்ளிவாசலும் அதன் நிலமும் வக்ஃப், அதாவது இறைவனுக்கென்று எழுதி வைக்கப்பட்ட சொத்து. அதை விற்கவும் முடியாது, வாரிசு கேட்கவும் முடியாது. பலகையில் யார் பெயர் இருந்தாலும் அவர் அதன் உரிமையாளர் இல்லை, அங்கே தொழுகை அவரை நோக்கியும் இல்லை. பெயர்கள் பொதுவாக இப்படித்தான் அமைகின்றன:

1. இடத்தை வைத்து: தெருப் பெயர், பேட்டைப் பெயர், "பெரிய பள்ளி", "கடற்கரைப் பள்ளி".
2. கட்டியவரை வைத்து: அரசர், வணிகர், நிலம் கொடுத்த குடும்பம்.
3. நபித்தோழர்களை வைத்து: அபூபக்கர், உமர், பிலால்.
4. அறிஞர்களையும் ஞானிகளையும் வைத்து: தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் காணும் முஹ்யித்தீன் ஆண்டவர் பள்ளிவாசல்கள் இந்த வகை. அந்த முஹ்யித்தீன், பாக்தாதில் மதரஸா நடத்தி 1166இல் இறந்த அப்துல் காதிர் ஜீலானி. அவரும் ஹன்பலி சட்டப்பள்ளியைச் சேர்ந்த ஓர் அறிஞர்தான், நம் ஊரில் ஞானியாக மட்டும் நினைவில் நிற்கிறார்.

அபூ ஹனீஃபா பள்ளிவாசல் நான்காவது வகை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பள்ளிக்குப் பெயர் வைக்கவில்லை, பெயரைச் சுற்றிப் பள்ளி வளர்ந்தது. முதலில் கபுர், அதாவது அவர் அடங்கிய இடம், அதன்மேல் குவிமாடம், பக்கத்தில் மதரஸா, தொழுமிடம், பிறகு இவற்றைச் சுற்றி ஒரு பேட்டையே எழுந்தது. "அல் இமாமுல் அஃழம்", மாபெரும் இமாம் என்பது அவருடைய பட்டப்பெயர். அந்த அஃழம்தான் அஃழமிய்யா ஆனது. ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகை நடக்கும் முழுமையான பள்ளிவாசல் இது, கபுர் அதனோடு ஒட்டிய தனி அறையில் இருக்கிறது. ஆகவே தர்காவா பள்ளியா என்றால், இரண்டும் ஒரே வளாகத்தில்.

துணிக்கடைக்காரர் ஒருவர் சட்ட மேதை ஆனது

நுஃமான் இப்னு ஸாபித் என்பது அவருடைய இயற்பெயர். கூஃபாவில் 699ஆம் ஆண்டு பிறந்தவர். தொழில் பட்டுத் துணி வியாபாரம், கடைசிவரை அதை விடவில்லை. கூட்டாளி ஒருவர் பழுதான துணி ஒன்றை, பழுது இருப்பதைச் சொல்லாமலே விற்றுவிட்டார் என்றும், வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியாததால் அந்த வியாபாரத்தில் வந்த பணம் முழுவதையும் அபூ ஹனீஃபா தர்மம் செய்துவிட்டார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வியாபாரப் பின்னணியை நான் முக்கியமாக நினைக்கிறேன். கடையில் உட்கார்ந்தவருக்கு மனிதர்கள் உண்மையில் எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள் என்று தெரியும், அவருடைய சட்டத்தில் அது தெரிகிறது. ஓர் உதாரணம் பார்த்தால் விளங்கும்.

கையில் இல்லாத பொருளை விற்கக்கூடாது என்பது பொது விதி. அப்படியானால் செருப்புத் தைப்பவரிடம் போய், கால் அளவு கொடுத்து, விலை பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு வருவது என்ன கணக்கு? செருப்பு இன்னும் பிறக்கவே இல்லை. விதியை அப்படியே பொருத்தினால் இந்த ஒப்பந்தம் செல்லாது. ஆனால் ஊர் முழுக்க எல்லாரும் இப்படித்தான் செருப்பு வாங்குகிறார்கள், யாரும் அதைத் தவறென்று சொன்னதில்லை. ஹனஃபி அறிஞர்கள், அதாவது அபூ ஹனீஃபாவின் வழி வந்தவர்கள், இதைச் செல்லும் என்றார்கள். இன்றைக்கு இஸ்லாமிய வங்கிகள் இன்னும் கட்டப்படாத வீட்டுக்கும் கப்பலுக்கும் ஒப்பந்தம் போடுவது இதே அடிப்படையில்தான். அந்த ஒப்பந்தத்துக்கு இஸ்திஸ்னா என்று பெயர்.

இப்போது சொற்களைப் பிரித்துவிடலாம்:

1. ஃபிக்ஹ்: நடைமுறை வாழ்க்கைக்கான மார்க்கச் சட்டத்தைப் புரிந்துகொள்ளும் கலை.
2. கியாஸ்: குர்ஆனிலும், நபியின் சொல், செயல் பற்றிய பதிவான ஹதீஸிலும் தீர்ப்பு உள்ள ஒரு விஷயத்தை வைத்து, அதே காரணம் உள்ள புதிய விஷயத்துக்குத் தீர்ப்புச் சொல்வது.
3. இஸ்திஹ்ஸான்: கியாஸை அப்படியே பிடித்துக்கொண்டால் நியாயத்துக்குப் புறம்பாகப் போகும் இடத்தில், இன்னும் வலுவான ஒரு காரணத்தை வைத்து விலகுவது. செருப்பு விஷயத்தில் நடந்தது இதுதான்.
4. மத்ஹப்: இப்படி முடிவெடுக்கும் முறை ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, ஒரு சட்டப்பள்ளியாக நிலைத்தது. சுன்னிகளிடம் ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி என்று நான்கு நிலைத்திருக்கின்றன.

நான்கில் காலத்தால் முந்தியவர் அபூ ஹனீஃபா. அவர் தனியாக உட்கார்ந்து எழுதிய சட்டமும் இல்லை இது. ஒரு பிரச்சினையை மாணவர்கள் முன் வைப்பார், விவாதம் நடக்கும், மாணவர்கள் மறுத்துப் பேசுவார்கள். அபூ யூசுஃப், முஹம்மத் அஷ் ஷைபானி என்ற இரு மாணவர்களும் ஆசிரியரோடு உடன்படாத இடங்கள் ஏராளம், அந்த மறுப்புகளும் ஹனஃபி மத்ஹபுக்குள்ளேயே சேர்ந்தவை. ஹனஃபி என்று சொல்லிக்கொள்வது அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்பது அல்ல, அந்த முறையில் நிற்பது.

சிறை, செங்கல், மரணம்

இனி, செய்திகளில் வரவே வராத பகுதி. அந்தப் பள்ளிவாசலைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

அபூ ஹனீஃபா அரசாங்கப் பதவியை ஏற்க மறுத்தவர். உமய்யா வம்சத்தின் ஆட்சிக் காலத்தில் இராக்கின் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி கொடுத்தபோது மறுத்துக் கசையடி வாங்கினார். பிறகு அப்பாஸிய வம்சம் ஆட்சிக்கு வந்தது. 762இல் பாக்தாதைக் கட்டத் தொடங்கிய கலீஃபா மன்ஸூர் அவரைக் காழியாக, அதாவது நீதிபதியாக இருக்கச் சொன்னார். "எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்றார் இவர். "பொய் சொல்கிறீர்" என்றார் கலீஃபா. "பொய் சொல்கிறவன் நீதிபதியாக இருக்கத் தகுதியில்லாதவன்தானே" என்று பதில் வந்ததாக வரலாறு சொல்கிறது.

நீதிபதி ஆகமாட்டேன் என்றவரைப் புது நகரத்தின் செங்கல் சூளை வேலைக்கு மேற்பார்வை பார்க்க வைத்தார் மன்ஸூர் என்றும், அடுக்கியிருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணாமல் நாணல் கோலால் அளந்து கணக்கெடுத்தவர் இவர் என்றும் வரலாற்றாசிரியர் தபரி ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கடைசியில் சிறை. 767இல் மரணம். பறிக்கப்பட்ட நிலத்தில் என்னை அடக்கம் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் சொல்வார்கள். ஆற்றின் கிழக்கே கைஸுரான் கபுருஸ்தானில் அடக்கம் செய்யப்பட்டார்.

இதில் அரசியலும் இருக்கிறது. நபியின் வழித்தோன்றல்கள் ஆட்சியாளர்களுக்கு எதிராக எழுந்தபோது, 740இல் ஸைத் இப்னு அலி, 762இல் இப்ராஹீம், இவர் அவர்கள் பக்கம் அனுதாபமாக இருந்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஷியாக்களின் ஆறாவது இமாமான ஜஃபர் அஸ் ஸாதிக்கோடு அவருக்குத் தொடர்பு இருந்தது.

இனி ஆற்றைக் கடந்து எதிர்க்கரையைப் பாருங்கள். அங்கே இருப்பது காழிமிய்யா, ஷியாக்களின் பெரும் புனிதத் தலம். அங்கே அடங்கியிருப்பவர் ஏழாவது இமாம் மூஸா அல் காழிம், அந்த ஜஃபர் அஸ் ஸாதிக்கின் மகன். அவரும் அப்பாஸிய கலீஃபாவின் சிறையில்தான் இறந்தார், 799இல், ஹாரூன் அர் ரஷீத் காலத்தில். ஒரு கரையில் சுன்னி இமாம், மறு கரையில் ஷியா இமாம் என்று இன்று பிரித்துப் பேசுகிறோம். இருவரையும் சிறைவைத்தது ஒரே வம்சம்.

அப்படியானால் ஹனஃபி எப்படி அரசர்களின் மத்ஹப் ஆனது?

ஆசிரியர் மறுத்த பதவியை மாணவர் அபூ யூசுஃப் ஏற்றுக்கொண்டார். ஹாரூன் அர் ரஷீத் அவரைத் தலைமைக் காழி ஆக்கினார், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் மனிதர் அவர்தான். காழிகள் நியமனத்தில் அவர் கை ஓங்கியது, ஹனஃபி முறையில் படித்தவர்கள் நீதிமன்றங்களில் அமர்ந்தார்கள். பிறகு செல்ஜூக்குகள், உஸ்மானியர்கள், முகலாயர்கள் என்று பெரிய அரசுகள் இதையே எடுத்துக்கொண்டன. துருக்கி, மத்திய ஆசியா, வட இந்தியா எல்லாம் பெருமளவு ஹனஃபியாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

அரசு கைக்கு வந்ததும் கபுரும் அரசியல் ஆனது:

1. 1066வாக்கில் செல்ஜூக் அரசின் நிதி அதிகாரி ஒருவர் கபுருக்குக் குவிமாடமும் பக்கத்தில் ஹனஃபி மதரஸாவும் கட்டினார். ஏறக்குறைய அதே சமயம் அமைச்சர் நிஸாமுல் முல்க் பாக்தாதில் நிஸாமிய்யா மதரஸாவைத் திறந்தார், அது ஷாஃபிகளுக்கு. ஒரே அரசில் இரு பெரிய மனிதர்கள், இரு மத்ஹபுகள்.
2. 1184இல் வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், உயர்ந்த வெள்ளைக் குவிமாடத்தைக் குறிப்பிடுகிறார். 1327இல் வந்த இப்னு பதூதா, அங்கிருந்த ஸாவியாவில், அதாவது சூஃபிகளின் மடத்தில், வருவோர் போவோருக்கு உணவு கொடுத்ததை எழுதுகிறார்.
3. 1508இல் ஈரானின் ஸஃபவி மன்னர் ஷா இஸ்மாயில் பாக்தாதைப் பிடித்தார். ஷியா மதத்தை அரச மதமாக்கியவர் அவர். கபுர் இடிக்கப்பட்டது.
4. 1534இல் உஸ்மானிய சுல்தான் சுலைமான் நகரைப் பிடித்து மறுபடி கட்டினார்.
5. 1623இல் ஸஃபவி மன்னர் ஷா அப்பாஸ் வந்தார், மறுபடி சேதம். 1638இல் சுல்தான் நான்காம் முராத் மீட்டார், மறுபடி கட்டுமானம்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். இடித்ததும் கட்டியதும் பேரரசுகள். நகரம் யார் கையில் என்று காட்டும் கொடி போல ஆகிவிட்டது அந்தக் குவிமாடம். உள்ளே இருப்பவர் எந்த அரசருக்கும் கீழே உட்காரமாட்டேன் என்று சிறைக்குப் போனவர்.

பாலம்

இரு பேட்டைகளையும் இணைக்கும் பாலத்துக்கு இமாம்களின் பாலம் என்று பெயர். இங்கிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போய்விடலாம். அந்தக் கரையில், காழிமிய்யா தலத்தை ஒட்டியே ஒரு கபுர் உண்டு, அபூ ஹனீஃபாவின் மாணவர் அபூ யூசுஃபுடையது. ஹனஃபி மத்ஹபை நிலைநிறுத்தியவர் ஷியாக்களின் தலத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார்.

2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை பாக்தாதைப் பிடித்தபோது பள்ளிவாசலைச் சுற்றிச் சண்டை நடந்தது, அதன் கடிகாரக் கோபுரம் சேதமானது. அதே ஆண்டு நாட்டின் வக்ஃப் அமைச்சகம் கலைக்கப்பட்டு சுன்னி வக்ஃப், ஷியா வக்ஃப் என்று தனித்தனி அலுவலகங்கள் ஆயின. இது ஏதோ நிர்வாக விஷயம் போலத் தோன்றும். ஆனால் எந்தப் பள்ளிவாசல், எந்த நிலம், எந்தக் கடை வாடகை யாருக்கு என்ற கேள்வியில் இனி "நீ எந்தப் பிரிவு" என்பதுதான் முதல் பதில் என்று ஆகிவிட்டது. பெயர்ப்பலகை சொத்துப் பத்திரமாக மாறியது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

2005 ஆகஸ்ட் 31. மூஸா அல் காழிமின் நினைவு நாளுக்காக லட்சக்கணக்கான ஷியாக்கள் காழிமிய்யாவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். காலையிலேயே தலத்தின் அருகே பீரங்கிக் குண்டுகள் விழுந்திருந்தன. பாலத்தின்மேல், கூட்டத்துக்குள் தற்கொலைக் குண்டுதாரி இருக்கிறான் என்று யாரோ சொன்ன வதந்தி பரவியது. நெரிசலில் மிதிபட்டும், ஆற்றில் விழுந்தும் 950 பேருக்கு மேல் இறந்தார்கள், பெண்களும் பிள்ளைகளும் அதில் அதிகம். அஃழமிய்யா பக்கத்து ஆட்கள் ஆற்றில் குதித்துக் காப்பாற்றினார்கள். அவர்களில் ஒரு சுன்னி இளைஞன் பலரைக் கரை சேர்த்துவிட்டு, மறுபடி இறங்கி, களைத்து மூழ்கிப் போனான். இராக்கில் இன்றும் அவனை நினைவுகூர்கிறார்கள்.

அடுத்த ஆண்டுகளில் பிரிவுக் கொலைகள் உச்சத்துக்குப் போயின. பாலம் மூடப்பட்டது. 2007 ஏப்ரலில் அமெரிக்க ராணுவம் அஃழமிய்யாவைச் சுற்றி 12 அடி உயரத்தில், 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பத் தொடங்கியது. பாதுகாப்புக்கு என்றார்கள், பேட்டைவாசிகள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். "சுன்னிக் கோட்டை" என்ற அடைமொழி உலகம் முழுக்கப் பரவியது இந்த ஆண்டுகளில்தான். 2008 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது.

இது நம்மை எப்படித் தொடுகிறது?

சட்ட விஷயத்தை முதலில் சொல்கிறேன். இந்தியாவில் ஒரு முஸ்லிம் சுன்னி ஹனஃபி என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். வளர்ந்த ஒரு பெண் வலீ, அதாவது பொறுப்பாளர் இல்லாமல் தானே செய்துகொண்ட திருமணம் ஹனஃபி முறையில் செல்லும், ஷாஃபி முறையில் வலீ வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கணவன் காணாமல் போனால், அவன் வயதொத்தவர்கள் எல்லாரும் இறந்துபோகும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது பழைய ஹனஃபி நிலைப்பாடு. நடைமுறையில் அது ஆயுள் தண்டனை. மாலிகி மத்ஹபில் 4 ஆண்டு. இந்தத் துன்பத்தைப் பார்த்த இந்திய ஹனஃபி உலமாக்களே, அதாவது மார்க்க அறிஞர்களே, இந்த விஷயத்தில் மாலிகி தீர்ப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் அந்த 4 ஆண்டு அப்படியே இருக்கிறது. ஒரு மத்ஹப் இன்னொன்றிடம் கடன் வாங்கிய இடம் இது, இன்றுவரை நம் நீதிமன்றங்களில் பெண்களுக்கு உதவுகிறது.

இராக்கில் திருமணம், குடும்பம் பற்றிய 1959ஆம் ஆண்டுச் சட்டம் சுன்னி, ஷியா இரண்டிலிருந்தும் எடுத்து எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. 2025 ஜனவரியில் அங்கே நாடாளுமன்றம் செய்த திருத்தம், ஷியா ஜஃபரி சட்டத்தைத் தேர்ந்தெடுக்கத் தம்பதிகளுக்கு வழிவிட்டது. பெண்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அபூ ஹனீஃபா பள்ளிவாசல் பெயர் செய்தியில் வரும்போது பின்னணியில் இந்த வாதமும் ஓடிக்கொண்டிருக்கும்.

சட்டத்தை விடுங்கள், சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் வருவோம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களும் இலங்கை முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாஃபி. உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. ஹனஃபி முறையில் கடலில் மீன் மட்டும்தான் கூடும், ஆகவே கணவாய் கிடையாது. இறால் மீனா இல்லையா என்று இன்றுவரை ஆலிம்கள் பேசுகிறார்கள். ஷாஃபி வீட்டில் இரண்டுக்கும் தடையில்லை.

அஸர் என்ற பிற்பகல் தொழுகை இன்னும் கண்கூடானது. வெயிலில் ஒரு கம்பை நட்டு வையுங்கள். உச்சிவேளையில் இருக்கும் சிறு நிழலைக் கழித்துவிட்டு, நிழல் கம்பின் அளவுக்கு நீண்டால் ஷாஃபிக்கு அஸர் வந்துவிட்டது. கம்பைப் போல இரண்டு மடங்கு நீண்டால்தான் ஹனஃபிக்கு. இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதிலும் அபூ யூசுஃபும் ஷைபானியும் ஆசிரியரை விட்டு ஒரு மடங்கு என்றே சொன்னார்கள், ஆனால் நம் நாட்டு ஹனஃபிப் பள்ளிகள் ஆசிரியரின் கணக்கையே பிடித்திருக்கின்றன.

வேறுபாடு பகையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தக் கபுரின் அருகிலேயே ஒரு சம்பவம் சொல்வார்கள். அபூ ஹனீஃபா இறந்த அதே ஹிஜ்ரி 150இல் பிறந்தவர் இமாம் ஷாஃபி. சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகையில் குனூத் என்ற துஆ, அதாவது பிரார்த்தனை, ஓத வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு, அபூ ஹனீஃபாவிடம் அது இல்லை. பாக்தாதுக்கு வந்த ஷாஃபி அந்தக் கபுருக்கு அருகில் சுபுஹுத் தொழுதபோது குனூத்தை விட்டுவிட்டாராம். கேட்டதற்கு, இங்கே இருப்பவருக்கு மரியாதை என்றாராம்.

இரண்டு மத்ஹபுகாரர்களும் வாழும் ஊர்களில் தொழுகை நேரப் பட்டியலில் அஸருக்கு மட்டும் இரண்டு நேரம் போட்டிருப்பார்கள். ஷாஃபி பள்ளியில் அஸர் ஜமாஅத் தவறிப்போனால் அடுத்த தெரு ஹனஃபி பள்ளிக்கு நடந்து போகலாம், அங்கே இன்னும் பாங்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.